மெயில் சர்வரில் மெமரி லீக்: எந்தக் கருவியை எடுப்பது?

மெமரி ஏறுகிறது என்றதும் பலருக்கும் கை வால்கிரிண்டுக்குத்தான் போகும். கொஞ்சம் பொறுங்கள், ஏறுவதெல்லாம் லீக் அல்ல. போஸ்ட்ஃபிக்ஸின் எஸ்எம்டிபிடி ப்ராசஸ், இயல்பான அமைப்பில், 100 இணைப்புகளைக் கவனித்ததும் தானே விலகிவிடும். அதில் ஓட்டை இருந்தாலும் பெருக வாய்ப்பில்லை. கிளாம்ஏவி வைரஸ் பட்டியலைப் புதுப்பிக்கும்போது பழையதையும் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருக்கும். மெமரி ஏறக்குறைய இரட்டிப்பாகி, பிறகு இறங்கும். பழி மட்டும் மெயில் சர்வர்மீது விழும்.

சந்தேகப்படும் ப்ராசஸின் ‘பிரைவேட் டர்ட்டி’ அளவை 10 நிமிடத்துக்கு ஒருமுறை, இரண்டு நாள் குறித்து வையுங்கள். ஏறி ஓரிடத்தில் நின்றுவிட்டால், விடுவித்த இடத்தை ஜிலிப்சி கையில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு நாளும் புதிய உயரம் தொட்டால்தான் கருவி தேவை.

சர்வரை நிறுத்தவே முடியாது என்றால், பிசிசி தொகுப்பின் மெம்லீக். பிஐடி-யைக் கொடுத்தால் போதும். வாங்கித் திருப்பித் தராத மெமரியை, கேட்ட ஃபங்ஷன்களின் வரிசையோடு 5 விநாடிக்கொருமுறை காட்டும். ரூட் அனுமதி வேண்டும். நீங்கள் இணைப்பதற்கு முன் வாங்கியது கண்ணில் படாது. திறந்திருக்கும் இணைப்புகளின் மெமரியும் பட்டியலில் வரும். ஒரு மணி நேரம் கழித்தும் வளர்ந்துகொண்டிருப்பதை மட்டும் பாருங்கள்.

வால்கிரிண்டுக்கு மறுபடி கம்பைல் செய்ய வேண்டாம், ஆனால் வேகம் 10 முதல் 30 மடங்குவரை குறையும். சோதனை சர்வரோடு சரி. அட்ரஸ் சானிடைசர் சுமார் 2 மடங்குதான் மெதுவாக்கும், ஆனால் மறுபடி கம்பைல் செய்தாக வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. முகவரியே தொலைந்த மெமரியைத்தான் இவை லீக் என்று உறுதியாகச் சொல்லும். நாள்கணக்கில் ஓடும் சர்வர்களில் நான் அதிகம் பார்த்தது வேறு ரகம்: ஒரு பட்டியல் சேர்த்துக்கொண்டே போகும், நிறுத்தும்போது ஒழுங்காக எல்லாவற்றையும் விடுவிக்கும். டவ்காட் போல பூல் பூலாக மெமரி வாங்கும் நிரல்களில் இது எளிதாக நேரும். வால்கிரிண்ட் ‘லீக் இல்லை’ என்று சான்றிதழே கொடுத்துவிடும். இந்த இடத்தில் என் ஓட்டு ஹீப்ட்ராக்குக்கு. எந்த ஃபங்ஷன் வாங்கிய மெமரி நேரம் போகப் போக எவ்வளவு வளர்ந்தது என்று படமாகவே காட்டும்.

காரணம் பிடிபடும்வரை, டவ்காட்டில் சர்வீஸ் கவுன்ட் 0 என்று இருக்கும் லாகின் ப்ராசஸுக்கு ஒரு வரம்பு போட்டுவையுங்கள். நள்ளிரவு அழைப்பாவது குறையும்.