கசவுக் கரையும் கண்ணாடிப் பாயும்: நெசவை முகத்திலும் கையிலும் வரைவது எப்படி?

ஓணம் ஊர்வலமோ, பள்ளிக் கலைவிழாவோ, நாடக மேடையோ, எங்கே பார்த்தாலும் 'பழங்குடி மேக்கப்' என்ற பெயரில் ஒரே கோலம்தான் வருகிறது. கன்னத்தில் மூன்று வெள்ளைப் புள்ளி, மூக்கின் குறுக்கே ஒரு கோடு, நெற்றியில் ஓர் அம்புக்குறி. இது எந்த மக்களின் கலை என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

திருவனந்தபுரம் மாவட்டத்து விழிஞ்ஞத்தில் இருந்துகொண்டு இப்படிச் செய்ய வேண்டியதே இல்லை. பத்து கிலோமீட்டர் அளவில் பாலராமபுரத்துக் கைத்தறி இருக்கிறது. கோவளத்தை ஒட்டிய வெள்ளாறில் கைவினைக் கிராமம் இருக்கிறது. கிழக்கே அகத்தியர் மலையில் காணிக்காரர்கள் வாழ்கிறார்கள். வடக்கே போனால் ஊராளி, மன்னான், முதுவான், காடர் மக்கள் முடையும் கண்ணாடிப் பாய். 2025-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஒரு நெசவிலிருந்து நாம் எடுக்க வேண்டியது அதன் விதியை: கோடு எவ்வளவு தடிமன், எவ்வளவு இடைவெளி, எது மேலே, எது கீழே. அந்த விதி பிடிபட்டால் முகத்தில் வருவது அலங்காரமாக நிற்கும். பிடிபடாவிட்டால் வெறும் வேஷம்தான்.

கண்ணைச் சுற்றிப் பாலராமபுரத்துக் கரை, முன்கையில் கண்ணாடிப் பாய்ப் பின்னல் என்று ஒரு முழு வடிவமைப்பை இங்கே படிப்படியாகப் பார்ப்போம்.

தேவையானவை

- தோலுக்கென்றே தயாரித்த ஃபேஸ் பெயின்ட்: கறுப்பு, தந்த நிறம், பழுப்பில் இரண்டு சாயல்
- அழகுசாதனத் தரத்தில் உள்ள தங்க நிற மைக்காப் பொடி
- 6 மில்லிமீட்டர் தட்டை பிரஷ், 1-ஆம் எண் உருண்டை பிரஷ், ஸ்பாஞ்ச்
- வெள்ளை ஐப்ரோ பென்சில், நிறமில்லாப் பவுடர், செட்டிங் ஸ்ப்ரே
- கட்டம் போட்ட தாள், ஒரு தேங்காய் ஈர்க்குச்சி

போஸ்டர் கலர், அக்ரிலிக், துணிச் சாயம், கைவினைக் கடை ஜிகினா இவற்றில் எதுவும் தோலில் படக்கூடாது. பாரம்பரியம் என்று நம்பி மனையோலையையும் சாயில்யத்தையும் தேடிப் போகவும் வேண்டாம். மனையோலை என்பது அரிதாரக் கல், அதில் ஆர்சனிக் இருக்கிறது. சாயில்யம் என்பது சாதிலிங்கம், அதில் பாதரசம். சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்த சிவப்பு தோலைப் புண்ணாக்கலாம். நிமிடத்தில் கறுக்கும் 'கறுப்பு மருதாணி'யில் பெரும்பாலும் தலைச்சாயத்தில் போடும் பி.பி.டி. ரசாயனம் கலந்திருக்கும், கொப்புளமும் நீங்காத வடுவும் வரலாம்.

1. துணியை நேரில் பாருங்கள்

கைப்பேசியில் படம் தேடுவதோடு நிறுத்தாதீர்கள். திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மா காலத்தில் (1798–1810) திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியில் தமிழகத்தின் தென்கோடியிலிருந்து வந்து குடியேறிய சாலியர்கள் தொடங்கிய தறிகள் பாலராமபுரத்துத் தெருக்களில் இன்றும் ஓடுகின்றன. குழித்தறியில் நெய்த வேட்டியின் புளியிலைக் கரையைக் கையில் எடுத்துப் பாருங்கள். புளியிலை அகலமே உள்ள ஒடுங்கிய கரை அது. வெறும் பரப்பு மிக அதிகம், கோடு மிகக் குறைவு. அதன் அழகு முழுக்க அந்த அடக்கத்தில்தான் இருக்கிறது.

பாயில் கதை வேறு. ஈற்றை மூங்கிலின் உட்புற மென்தோலைக் கீறி முடைவதால் பரப்பு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அங்கே வடிவத்தை உண்டாக்குவது நிறத்தைவிடப் பளபளப்பும் மேல்கீழ் மாற்றமும்தான்.

2. தாளில் பிரித்து எழுதுங்கள்

கட்டத் தாளில் ஒரே ஓர் அலகை மட்டும் வரையுங்கள். கரைக்கு: 3 மில்லிமீட்டர் தங்கம், 1 மில்லிமீட்டர் இடைவெளி, மயிரிழைக் கறுப்புக் கோடு. பாய்க்கு: ஒரு சென்டிமீட்டர் அகலப் பட்டைகள், இரண்டு மேலே, இரண்டு கீழே. இது நெசவாளியின் அளவல்ல, உடலுக்கேற்ப நாம் வைத்துக்கொள்ளும் அளவு.

3. உடலில் இடம் குறியுங்கள்

நேர்கோடு நிற்பது எலும்பின் மேல்: நெற்றி, கன்ன எலும்பு, கழுத்தெலும்பு, முன்கை. இமை மடிப்பு, வாயோரம், கழுத்து மடிப்பு இவற்றில் போட்ட கோடு பேசி முடிப்பதற்குள் உடைந்துவிடும். ஆளைச் சிரிக்கச் சொல்லி, புருவத்தைத் தூக்கச் சொல்லி, சுருக்கம் விழும் இடங்களை முதலிலேயே கண்டுகொள்ளுங்கள்.

4. தோலைத் தயார் செய்யுங்கள்

முந்தைய நாளே முழங்கையின் உட்பக்கத்தில் ஒவ்வொரு நிறத்தையும் ஒரு பொட்டு வைத்து 24 மணி நேரம் பாருங்கள். மறுநாள் முகம் கழுவி, எண்ணெய்ப் பசையில்லாத மாய்ஸ்சரைசர் போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள்.

அவரவர் தோல் நிறமே அடித்தளம். மாநிறத்திலும் கறுப்பிலும் கசவு என்னும் சரிகையின் தங்க நிறம் நன்றாகவே எடுக்கும், வெளுப்பான ஃபவுண்டேஷன் வேண்டாம். 'காட்டுவாசி' என்று காட்ட முகத்தில் கரி பூசுவதை அடியோடு விடுங்கள். அது ஒரு மக்களினத்தை அவமதிப்பது.

5. கண்ணைச் சுற்றிக் கரை

புருவத்துக்கு ஒரு விரல் மேலே தொடங்கி, நெற்றிப்பொட்டு வழியாக இறங்கி, கன்ன எலும்பில் முடியும் வளைவை வெள்ளைப் பென்சிலில் மெல்லக் குறியுங்கள். பெயின்ட் கெட்டி மோர்ப் பதத்தில் இருக்க வேண்டும். நீர்த்தால் ஓடும், இறுகினால் வெடிக்கும். முதலில் தந்த நிறத்தைத் தட்டை பிரஷால் ஒரே இழுப்பில் போடுங்கள். காய்ந்ததும் அதன் மேல் தங்கத்தை ஒற்றி எடுங்கள். மைக்காப் பொடி கண்ணுக்குள் போகாமல் கீழே ஒரு டிஷ்யூவைப் பிடித்துக்கொள்ளுங்கள். கறுப்புக் கோடு எப்போதும் கடைசியில்.

இந்தக் கோட்டுக்கு ஈர்க்குச்சியைப் பயன்படுத்திப் பாருங்கள். வடகேரளத்தில் தெய்யம் என்னும் சடங்காட்டம் ஆடுபவர்கள் தரையில் படுத்திருக்க, இன்னொருவர் ஈர்க்கால் முகத்தெழுத்து எழுதுவார். நுனியை லேசாகத் தட்டி நாராக்கினால் நிறத்தை உறிஞ்சிக்கொண்டு சீரான மெல்லிய கோட்டைத் தரும். கூர்மையாக இருந்தால் கீறிவிடும்; கண்ணருகே கொண்டுபோகாமல் நெற்றிப்பொட்டுக்கும் கன்னத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

6. முன்கையில் பாய்

மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குச் சாய்வாகப் பட்டைகளைக் குறியுங்கள். கை மணிக்கட்டை நோக்கி ஒடுங்குவதால் பட்டைகளும் அங்கே ஒடுங்க வேண்டும்; அகலம் மாறாமல் போட்டால் பின்னல் முறுக்கிக்கொண்டது போலத் தெரியும். மேலே வரும் பட்டைக்கு வெளிர் பழுப்பும் நடுவே துளி மைக்காவும், கீழே போகும் பட்டைக்குப் பளபளப்பில்லாத அடர் பழுப்பும் கொடுங்கள். இரண்டும் சந்திக்கும் ஓரத்தில் அடர் நிறத்தில் மெல்லிய நிழல் ஒன்று போட்டால் ஒன்றின் அடியில் ஒன்று நுழைவது கண்ணுக்குத் தெரியும். கை முழுவதையும் நிரப்பாதீர்கள். ஓரத்தில் இரண்டு மூன்று பட்டைகள் முடையாமல் நீண்டு நிற்கட்டும்.

7. கடற்காற்றுக்கு ஈடு கொடுங்கள்

விழிஞ்ஞத்து ஈரக்காற்றில் வேர்வை நிற்காது. தண்ணீரில் குழைக்கும் பெயின்ட் மெல்லிய கோடுகளுக்கு ஏற்றது, ஆனால் வேர்வையில் வழியும். திறந்தவெளி ஊர்வலம் என்றால் க்ரீஸ் பெயின்டை மெலிதாகப் பூசிப் பவுடரால் அமுக்குங்கள். தேய்த்தால் கோடு கலங்கும். கடைசியில் கண்ணை மூடச் சொல்லி, ஒரு முழம் தள்ளி நின்று ஸ்ப்ரே அடியுங்கள். வேர்த்தால் டிஷ்யூவால் ஒற்றி எடுக்கச் சொல்லி அனுப்புங்கள்.

8. கலைப்பதும் வேலைதான்

தேங்காய் எண்ணெயைத் தடவி இரண்டு நிமிடம் ஊறவிட்டு, மெல்லிய பருத்தித் துணியால் துடைத்து, மென்மையான சோப்பால் கழுவுங்கள். கண்ணருகே பஞ்சால் மட்டும் துடையுங்கள்.

எதைத் தொடக்கூடாது?

தெய்யத்தின் முகத்தெழுத்தில் ஒவ்வொரு தெய்வத்துக்கும் தனிக் கோலம் உண்டு. அதை எழுதிக்கொண்டவரைத் தெய்வமாகவே ஊர் கும்பிடுகிறது. அதை ஃபேஷன் ஷோவுக்கு எடுக்காதீர்கள். நீலகிரித் தோடர்களின் பூத்துக்குளிப் போர்வையில் சிவப்பும் கறுப்புமாக இழை எண்ணிப் போடும் தையல், இறந்தவருக்குப் போர்த்தும் துணியிலும் வரும். அந்த மக்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அதைக் கன்னத்தில் வரைவது முறையல்ல.

எடுத்ததற்குப் பெயர் சொல்லுங்கள். நிகழ்ச்சி அறிவிப்பிலும் படத்தின் கீழும் 'பாலராமபுரம் கைத்தறிக் கரை', 'கண்ணாடிப் பாய்' என்று எழுதுங்கள். வடிவமைப்பு உங்களுக்குப் பணம் தந்தால் அதில் பங்கு கொடுங்கள். இதற்கு முன்மாதிரி இதே மாவட்டத்தில் இருக்கிறது. 1987-இல் காணிக்காரர்கள் அடையாளம் காட்டிய ஆரோக்கியப்பச்சைச் செடியிலிருந்து பாலோட்டுத் தாவரவியல் ஆய்வு நிலையம் 'ஜீவனி' மருந்தை உருவாக்கியது. உரிமக் கட்டணத்திலும் ராயல்டியிலும் பாதி அந்த மக்களுக்கு என்று ஏற்பாடானது. நம் வேலையில் அத்தனை பெரிய தொகை வராது. ஆனாலும் ஒரு பாயையோ வேட்டியையோ முடைந்தவரிடமும் நெய்தவரிடமும் பேரம் பேசாமல் வாங்கி, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைய எல்லோராலும் முடியும்.