பிக்கப்புக்கு எந்த சூப்பர்சார்ஜர்?

அமெரிக்காவில் 5.0 லிட்டர் வி8 இன்ஜினோடு ஃபோர்டு எஃப்-150 பிக்கப் வைத்திருப்பவர்களில் பலருக்கு ஒரு ஆசை உண்டு: சூப்பர்சார்ஜர் மாட்ட வேண்டும். 2018 மாடலில் இந்த இன்ஜின் 395 குதிரைத்திறன் தருகிறது. அது போதாதா என்று கேட்கலாம். படகு ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு கொலராடோ மலைப்பாதையில் ஏறியவரிடம் கேட்டால் போதாது என்பார். கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு ஆயிரம் அடி ஏறும்போதும் சாதாரண இன்ஜின் ஏறக்குறைய 3 சதவீதம் சக்தியை இழக்கிறது. ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையோ 11,000 அடிக்கும் மேலே இருக்கிறது. மெலிந்த காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிப்பதுதான் சூப்பர்சார்ஜரின் வேலை.

விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் குதிரைத்திறனைப் பார்த்து இதை வாங்கக் கூடாது. அந்த எண் 6,000 ஆர்.பி.எம்.முக்கு மேலே எடுத்தது. பாரம் இழுக்கும் பிக்கப் பெரும்பாலான நேரம் ஓடுவது 2,000-க்கும் 4,000-க்கும் இடையில். அங்கே எவ்வளவு டார்க் (சுழற்றும் விசை) கிடைக்கிறது என்று கேளுங்கள்.

சந்தையில் இருப்பவை மூன்று வகை. முதலாவது ரூட்ஸ் வகை. இண்டியானாவின் கானர்ஸ்வில் ஊரைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை பெற்ற காற்றூதியின் வாரிசு இது. ஒன்றோடொன்று பின்னிச் சுழலும் இரண்டு உருளைகள் காற்றை அள்ளி இன்ஜின் பக்கம் தள்ளும். பழைய ரூட்ஸில் காற்று அதிகம் சூடேறும். ஈட்டன் நிறுவனத்தின் டி.வி.எஸ். வடிவத்தில் நான்கு மடல்களை முறுக்கிவைத்து அந்தக் குறையை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். இரண்டாவது, இரட்டைத் திருகு வகை. ஸ்வீடன் பொறியாளர் லிஷோமின் வடிவமைப்பிலிருந்து வந்தது. கலிஃபோர்னியாவின் விப்பிள் நிறுவனம் இதில் பெயர்பெற்றது. இதில் காற்று திருகுகளுக்குள்ளேயே அமுங்குகிறது. அழுத்தம் கூடக்கூட இதன் திறமை தெரியும். இந்த இரண்டு வகையுமே ஆக்ஸிலரேட்டரை மிதித்த உடனே இழுக்கும்.

மூன்றாவது, மையவிலக்கு வகை. புரோசார்ஜர், வோர்டெக் ஆகியவை இந்த ரகம். டர்போவின் காற்றுச்சக்கரத்தை பெல்ட்டால் சுற்றினால் எப்படியோ அப்படி. இதன் அழுத்தம் சுழற்சி வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறும். பாதி வேகத்தில் கிடைப்பது ஏறத்தாழ கால்பங்குதான். இன்ஜினின் முன்பக்கம் ஓரமாக மாட்டிவிடலாம், இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டாம், காற்றும் குளிர்ச்சியாக இருக்கும். பந்தயப் பாதையில் ஓட்டுபவருக்கு நல்ல தேர்வு. டிரெய்லர் இழுப்பவருக்கு நான் சொல்ல மாட்டேன். மேட்டில் பாரத்தோடு நகரத் தொடங்கும் நேரத்தில்தான் இது அநேகமாகத் தூங்குகிறது.

டொயோட்டா டன்ட்ராவின் 5.7 லிட்டர் இன்ஜினுக்கு அந்த நிறுவனத்தின் டி.ஆர்.டி. பிரிவே ஒரு காலத்தில் டி.வி.எஸ். வகை சூப்பர்சார்ஜர் விற்றது. 381 குதிரைத்திறன் 504 ஆனது. டார்க் 401-லிருந்து 550 பவுண்டு-அடிக்கு ஏறியது. பாரவண்டிக்கு எந்த வகை என்பதை வண்டி செய்தவர்களே காட்டிவிட்டார்கள்.

அடுத்தது பெட்ரோல். 2018 முதல் இந்த 5.0 இன்ஜினின் அமுக்க விகிதம் 12-க்கு 1. அதன்மேல் இன்னும் காற்றைத் திணித்தால் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடித்து பிஸ்டனை உடைக்கும். அதனால் 87 ஆக்டேனை மறந்துவிடுங்கள். அமெரிக்க பம்புகளில் 91-க்குக் குறையாமல் போட வேண்டும். உங்கள் ஊரில் 91-தான் கிடைக்கும் என்றால், 93-க்காக எழுதிய டியூனை (இன்ஜின் கணினிக்கான மென்பொருள் அமைப்பை) எந்தக் காரணத்துக்காகவும் ஏற்றாதீர்கள். கலிஃபோர்னியாவில் ஓட்டுபவர், அம்மாநிலக் காற்றுவள வாரியத்தின் உத்தரவு எண் சூப்பர்சார்ஜர் கிட்டுக்கு இருக்கிறதா என்று பார்த்தே பணம் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் புகைச் சோதனையில் வண்டி தேறாது.

மாட்டும் வேலைக்கு வருவோம். மைல் கூடிய வண்டியாக இருந்தால் முதலில் ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் சோதியுங்கள். ஒன்றில் குறைந்தாலும் திட்டத்தை நிறுத்திவிடுங்கள். பழைய 87 பெட்ரோல் தீரும்வரை ஓட்டி, டேங்கை 91-ஆல் நிரப்புங்கள். பேட்டரி இணைப்பை எடுத்து, பெட்ரோல் குழாயின் அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே எதையும் கழற்ற வேண்டும். இன்டேக் மேனிஃபோல்டை எடுத்த நொடியே துளைகளை டேப் போட்டு மூடுங்கள். உள்ளே விழும் ஒரு சின்ன போல்ட் முழு இன்ஜினையும் கொன்றுவிடும். ஸ்பார்க் பிளக்கை ஒரு படி குளிர்ந்த ரகத்துக்கு மாற்றி, கிட் சொல்லும் இடைவெளியை வையுங்கள். கூடுதல் காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும், ஆகவே இன்ஜெக்டரில் சிக்கனம் வேண்டாம்.

பலர் சறுக்குவது, அமுங்கிச் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் தண்ணீரில். குழாயில் காற்று அடைத்துக்கொண்டால் பம்ப் ஓடும், தண்ணீர் ஓடாது. தொட்டியில் தண்ணீர் சுழல்வதைக் கண்ணால் பார்க்கும்வரை காற்றை வெளியேற்றுங்கள். முதல் சில நாள் முழுதாக மிதிக்காமல், உள்ளே போகும் காற்றின் வெப்பத்தையும் நாக் (நேரத்துக்கு முந்தைய வெடிப்பு) அளவையும் பதிவுசெய்து டியூன் எழுதியவருக்கு அனுப்புங்கள்.

சக்தி கூடியதால் வண்டி இழுக்கக்கூடிய எடை கூடிவிடாது. கதவோரம் ஒட்டியிருக்கும் சுமை வரம்பு அப்படியேதான் இருக்கும்; பிரேக்கும் சஸ்பென்ஷனும் பழையவையே. கியர்பாக்ஸ் ஆயில் இன்னும் சூடாகும், அதைக் கவனியுங்கள்.

கிட்டுக்கே பெரும்பாலும் 7,000 டாலருக்கு மேல் ஆகும், கூலி தனி. ஆகவே பிக்கப்பை இனிமேல்தான் வாங்கப்போகிறீர்கள், தேவை இழுவை மட்டுமே என்றால், 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் டர்போ இன்ஜினோடு வாங்கிவிடுங்கள். 2021 மாடலிலிருந்து 500 பவுண்டு-அடி டார்க் தொழிற்சாலையிலிருந்தே வருகிறது. வி8 ஏற்கெனவே வீட்டில் நிற்கிறது என்றால், மிதமான அழுத்தத்தில் ஓடும் டி.வி.எஸ். வகை கிட்டை, அதனுடன் வரும் டியூனோடு, அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கொடுத்து மாட்டுங்கள்.