பருத்தி இழையின் முறுக்கு

மாசி பங்குனி மாதங்களில் கோவிற்பட்டிச் சீமையில் வழிச்செல்வோர், கரிசற் காட்டிலே பருத்தி வெடித்து வெளுத்திருப்பதைக் காண்பர். அப்பஞ்சில் ஓரிழையைப் பிரித்து நுண்பெருக்கியின் கீழ் வைத்து நோக்குவோமாயின், அது முறுக்கிய நாடாவைப்போல் தோன்றும். இம்முறுக்கு எங்ஙனம் வந்ததென்பதை ஈண்டு ஆராய்வோம்.

நம் வலக்கையும் இடக்கையும் உருவில் ஒத்தவை. ஆயினும் ஒன்றன் உறை மற்றதற்குப் பொருந்தாது. மூலக்கூறுகளிலும் இத்தகைய இடவல பேதம் உண்டு. 1848-ல் பாஸ்டர் என்னும் பிரெஞ்சு அறிஞர், ஓர் உப்பின் படிகங்களைப் பொறுக்கி, ஒன்றற்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு குவியல்களாகப் பிரித்து இதனை விளக்கினார். பருத்தியின் உடலாகிய செல்லுலோஸ், இவ்விரு வகையுள் ஒரே வகையைச் சார்ந்த குளுக்கோஸ் கூறுகள் ஆயிரக்கணக்கிற் கோத்த சங்கிலியாகும்.

இச்சங்கிலிகள் பிறர் கட்டாமலே பக்கம் பக்கமாய்ச் சேர்ந்து, ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகி, நுண்ணார்களாகின்றன. கூறுகள் யாவும் ஒரே வகையின ஆதலின், நாரிலும் மெல்லிய முறுக்கு அமைகிறது. செல்லுலோஸை அமிலத்தாற் சிதைத்து எடுத்த நுண்ணூசிகள், நீரில் தாமே திருகுபடியின் முறையாய் அடுக்குற்று நிற்பதைக் கானடா நாட்டு ஆராய்ச்சியாளர் 1992-ல் வெளியிட்டனர்.

எனினும் செடியில் நிகழ்வது இதனினும் நுட்பமானது. பஞ்சிழை ஒவ்வொன்றும் விதைத்தோலில் முளைத்த ஒரே உயிரணு. அது ஏறக்குறைய 3 வாரம் நீண்டு வளரும். பின்னர் அதன் உட்சுவரில் நுண்ணார்கள் சுருள் சுருளாய்ப் படியும். அச்சுருள் இழை நெடுக வலமும் இடமுமாகப் பன்முறை திசை மாறுகிறது. ஆகவே மூலக்கூறின் இயல்பு மட்டுமன்று, உயிரணுவின் செயலும் இதிற் கலந்துள்ளதென்க. காய் வெடித்து ஈரம் உலரவே, குழலாயிருந்த இழை தட்டையாகி முறுக்கேறுகிறது.

இம்முறுக்கினால் இழைகள் ஒன்றையொன்று பற்றுகின்றன, நூற்றல் எளிதாகிறது. ஆனால் காய் முதிருங்காலத்து நிலத்தில் ஈரம் அற்றுப்போமாயின், உட்சுவர் தடிப்பதில்லை. அத்தகைய முதிராப் பஞ்சில் முறுக்கும் குறைவு, அது சாயமும் செவ்வனே ஏற்காது, விலையும் தாழும். வானம் பார்த்த பூமியில் உழவன் அஞ்சுவது இதனையே. 1901-ல் நிறுவப்பெற்ற கோவிற்பட்டி விவசாய ஆராய்ச்சி நிலையம், கருங்கண்ணிப் பருத்தியைத் திருத்தி வளர்க்க உழைத்தமை இதனாலேயே பெருமைக்குரியது.

கண்ணுக்கெட்டாச் சங்கிலிகள் ஒழுங்காய்க் கூடுவதிலேயே ஒரு குடும்பத்தின் ஆண்டு வருவாய் அடங்கியிருக்கிறது. அடுத்த முறை ஆடை உடுக்கும்போது இதனை நினைவோமாக.