ஜாய்ஸ்டிக்கை எதில் இணைப்பது?



நம் துறைக் கண்காட்சிக்கு வந்தவர்கள் எங்கள் குழு செய்த வீடியோ கேம் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்துக் கடைகளில் காசு போட்டு, நின்றுகொண்டே ஆடுவார்களே, அதே மாதிரிப் பெட்டி. "ஜாய்ஸ்டிக்கை கம்ப்யூட்டரோட எப்படி இணைச்சீங்க?" என்று நிறைய பேர் கேட்டார்கள். அதற்குப் பதில்தான் இந்தக் கட்டுரை. கூடவே நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். அம்மா மல்லாட்டை பறிக்கப் போய்ச் சம்பாதித்த மூன்று நாள் கூலியை விழுங்கிய தப்பு அது.

என் அப்பாவுக்கு சென்ட்ரிங் வேலை. சிமென்ட் கறை படிந்த பழைய பிளைவுட் பலகைகளை அவரே அறுத்து, திண்டிவனம் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் வைத்துப் பெட்டியைச் செய்து தந்தார். உள்ளே ஒரு பழைய கம்ப்யூட்டர், மானிட்டர். ஆட்டம் பைத்தானில் நாங்களே எழுதியது. மிச்சம் இருந்தது ஜாய்ஸ்டிக் ஒன்றுதான்.

முதலில் எண்ணுங்கள்

ஜாய்ஸ்டிக்கில் இரண்டு வகை உண்டு. 1981-இல் ஐபிஎம் கம்ப்யூட்டருக்கு வந்த கேம் போர்ட் முதல் வகைக்கானது. அதில் கம்பியைச் சாய்த்தால் பொட்டென்ஷியோ மீட்டரின் ரெசிஸ்டன்ஸ் மாறும். எவ்வளவு சாய்த்தோம் என்பதை அதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். ஆர்கேடு பெட்டியில் இருப்பது இரண்டாவது வகை. கம்பியைச் சுற்றி நாலு மைக்ரோ ஸ்விட்ச், அவ்வளவுதான். மேலே தள்ளினால் ஒன்று அழுந்தும். மூலையில் தள்ளினால் இரண்டு அழுந்தும். ஆகவே நமக்கு வேண்டியது, "எந்த ஸ்விட்ச் அழுந்தியது" என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஒரு போர்டு மட்டுமே.

அதனால் கடைக்குப் போகும் முன் ஸ்விட்ச்சுகளை எண்ணுங்கள். 1980-இல் வந்த பேக்மேன் ஆட்டத்துக்கு நாலு திசை போதும். 1991-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆட்டத்துக்கு எட்டுத் திசையும் ஆறு பட்டனும் வேண்டும். எட்டுத் திசைக்கும் ஸ்விட்ச் நாலுதான் என்பதை மறக்காதீர்கள். 4 + 6, காசுக்கு ஒன்று, ஸ்டார்ட்டுக்கு ஒன்று, ஆக 12. இரண்டு பேர் ஆடினால் 24. இந்த எண்ணிக்கை தெரியாமல் போர்டு வாங்கக் கூடாது.

மூன்று வழிகள்

ஒன்று, பழைய கீபோர்டைப் பிரித்து, அதன் உள் போர்டில் ஒயர் பற்றவைப்பது. செலவே இல்லை. ஆனால் மலிவான கீபோர்டுகள் பலவற்றில் தொடுமுனைகள் கார்பன் பூச்சு, ஈயம் ஒட்டாது. அதைவிடப் பெரிய சங்கடம், கீபோர்டின் சாவிகள் வரிசை, பத்தி என்று கட்டமாக இணைக்கப்பட்டிருக்கும். ஒரு கட்டத்தின் மூன்று மூலைகளை ஒரே சமயம் அழுத்தினால், நாலாவது மூலையும் அழுந்தியதாகக் கம்ப்யூட்டருக்குத் தோன்றும். இதைத் தவிர்க்கச் சில கீபோர்டுகள் மூன்றாவது சாவியைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். வலது, மேல், அடி என்று மூன்றையும் சேர்த்து அழுத்தும்போது அடி விழவில்லை என்றால் ஆட்டம் என்னத்துக்கு? நாமே கட்டம் அமைத்தால் ஒவ்வொரு ஸ்விட்ச்சுக்கும் ஒரு 1என்4148 டையோடு போட்டுத் தப்பிக்கலாம்.

இரண்டு, ரெடிமேட் யூஎஸ்பி என்கோடர் போர்டு. ஒயரைச் செருகினால் போதும், புரோகிராம் தேவையில்லை. அவசரத்துக்கு நல்ல வழி.

மூன்று, மைக்ரோ கன்ட்ரோலர். நாமே புரோகிராம் எழுதி, அதைக் கீபோர்டாகவோ கேம்பேடாகவோ நடிக்க வைப்பது.

நான் செய்த தப்பு

நான் இரண்டாவது வழியை எடுத்தேன். பத்து நிமிஷத்தில் வேலை செய்தது. ஒரே சந்தோஷம்! பிறகு அழகுக்காக விளக்கெரியும் பட்டன்கள் போட்டோம். அந்தப் பட்டனில் ஸ்விட்ச்சுக்குத் தனி முனைகள், விளக்குக்குத் தனி முனைகள். கண்காட்சிக்கு நாலு நாள் இருக்கும்போது, ராத்திரி அவசரத்தில் விளக்குக்குப் போக வேண்டிய 12 வோல்ட்டை ஸ்விட்ச் முனையில் கொடுத்துவிட்டேன். போர்டு செத்துப்போனது.

பிரித்துப் பார்த்தேன். சிப் இருக்க வேண்டிய இடத்தில் கருப்புப் பசை உருண்டை ஒன்றுதான் இருந்தது. எது எரிந்தது, எந்தக் காலில் என்ன வருகிறது, ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் பாடம் நடத்தும் ஐயா கேட்டார்: "சரிம்மா, எரிஞ்சது போவட்டும். அது எரியறதுக்கு முன்னாடி எப்படி வேலை செஞ்சுதுன்னு சொல்லு." எனக்குப் பதில் தெரியவில்லை. போர்டு போனதைவிட அதுதான் வலித்தது.

வீட்டில் சொன்னதும் அப்பா திட்டவில்லை. "எங்க வேலையில, பிரிக்கத் தெரியாத பலகைய அடிக்க மாட்டோம்மா" என்றார். மறுநாள் காலை பஸ் கூட்டேரிப்பட்டு தாண்டி விழுப்புரம் வருகிறவரை அந்த வார்த்தைதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

பிரிக்கத் தெரிந்த வழி

லேப்பில் இருந்த அர்டுயினோ ஊனோவை எடுத்தேன். கம்ப்யூட்டர் அதைக் கீபோர்டாக ஏற்கவே இல்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. ஊனோவின் முக்கிய சிப்பான ஏடிமெகா 328பி-க்குள் யூஎஸ்பி வசதி கிடையாது. வேறொரு சிப்தான் யூஎஸ்பியைப் பார்த்துக்கொள்கிறது. லியோனார்டோ, புரோ மைக்ரோ போர்டுகளில் உள்ள ஏடிமெகா 32யு4 சிப்பில் அந்த வசதி உள்ளேயே இருக்கிறது. அம்மா கொடுத்த பணத்தோடு சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் புரோ மைக்ரோ வாங்கி வந்தேன். அதில் 18 கால்கள் பயன்படும். எங்களுக்கு வேண்டியது 12. இரண்டு பேர் ஆடும் பெட்டி என்றால் 26 கால்கள் உள்ள ராஸ்பெர்ரி பை பிக்கோ நல்லது. அது 3.3 வோல்ட் போர்டு. 5 வோல்ட்டை அதன் கால்களில் கொடுக்காதீர்கள்.

இணைப்பு சுலபம். மைக்ரோ ஸ்விட்ச்சில் மூன்று முனைகள் இருந்தால் 'காமன்', 'நார்மலி ஓபன்' என்ற இரண்டை மட்டும் எடுங்கள். எல்லா ஸ்விட்ச்சின் ஒரு முனையும் ஒரே ஒயரில் கிரவுண்டுக்கு. மறுமுனை தனித்தனியாகப் போர்டின் கால்களுக்கு. சிப்புக்குள்ளேயே புல்-அப் ரெசிஸ்டர் இருப்பதால் தனியாகப் போட வேண்டாம். அழுத்தாதபோது 1, அழுத்தினால் 0.

ஒரு விஷயம் கவனிக்கவும். ஸ்விட்ச் அழுந்தும்போது தகடு சில மில்லி செகண்டுகள் துள்ளும். ஒரு அழுத்தம் பலமுறை அழுத்தியதாகத் தெரியும். இதற்காக முதலில் புரோகிராமில் 50 மில்லி செகண்ட் டிலே போட்டேன். ஆட்டம் மந்தமாகிவிட்டது. திரையில் செகண்டுக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லி செகண்ட். ஆக, நான் மூன்று படங்களைக் கோட்டை விட்டிருக்கிறேன்! சரியான முறை இதுதான்: முதல் மாற்றத்தை உடனே கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட்டு, அதன்பின் 5 மில்லி செகண்ட் அந்த ஸ்விட்ச்சை மட்டும் கவனிக்காமல் இருப்பது.

12 வோல்ட் பட்டால் புரோ மைக்ரோவும் எரியத்தான் செய்யும். ஆனால் புரோகிராம் என் கையில் இருக்கிறது. வேறு போர்டில் ஏற்றிக்கொள்வேன். ஒரு கால் மட்டும் போனால் பக்கத்துக் காலுக்கு மாற்றிக்கொள்வேன். அதனால் என் முடிவு இது: நேரமே இல்லை, ஆட்டம்தான் முக்கியம் என்றால் ரெடிமேட் போர்டு வாங்குங்கள், தப்பில்லை. படிக்கிற பிள்ளைகள் செய்கிற பெட்டி என்றால், நம்மால் விளக்கிச் சொல்ல முடிகிற போர்டையே தேர்ந்தெடுங்கள். எதுவானாலும் மின்சாரம் கொடுக்கும் முன் ஒவ்வொரு முனையையும் மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள்.

கண்காட்சி அன்று அப்பா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். ஆட்டம் ஆடச் சொன்னால் வெட்கப்பட்டார். பெட்டியின் பின்கதவைத் திறந்து உள்ளே பார்த்தவர், "இன்னாமா இது, இவ்ளோ ஒயரு?" என்றார்.

"ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு ஒயருப்பா. திரும்பி வர்றதுக்கு எல்லாத்துக்கும் சேர்த்து இந்தக் கருப்பு ஒயரு ஒண்ணுதான்."

அப்பா அந்தக் கருப்பு ஒயரை விரலால் தொட்டுக்கொண்டே கடைசிப் பட்டன்வரை போனார். "ஆமா, சரியா வருது" என்றார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த எனக்கு, அதைவிடப் பெரிய மார்க் யாரும் போடவில்லை.



– இரண்டாம் ஆண்டு மாணவி,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை