கோழி தூங்கி விழுந்தால்

காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியதும் மற்றதெல்லாம் குப்பைமேட்டுக்கு ஓடும். ஒரு பெட்டை மட்டும் சிறகைத் தொங்கவிட்டு, கண்ணை மூடி மூடித் திறந்தபடி நிற்கும். சூளூர்பேட்டையில் உடனே நாலு யோசனை வரும். "அறுத்துடுங்க அக்கா, கறியாவது மிஞ்சும்." "சந்தையில தள்ளிடுங்க." "மிளகும் பூண்டும் அரைச்சு ஊட்டுங்க." "டாக்டர்கிட்ட காட்டுங்க." எது சரி என்பது, வந்திருப்பது தொற்றா, அந்த ஒரு கோழியின் உடம்போடு நிற்கும் கோளாறா என்பதைப் பொறுத்தது. ஆகவே மருந்து தேடுமுன் அதைத் தனியே கவிழ்த்து வையுங்கள். மற்ற கோழிகளைக் கவனித்து முடித்தபிறகே அதைத் தொடுங்கள்.

ஒன்று மட்டும் சுணங்கி, மற்றவை தெம்பாக இருந்தால் வீட்டு வைத்தியத்துக்கு இடமுண்டு. முட்டை அடைத்துக்கொண்ட பெட்டை வாலைத் தாழ்த்தி, நெஞ்சை நிமிர்த்தி நின்று முக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் வயிறு நனையக் கால் மணி நேரம் உட்காரவைத்து, ஆசனவாயில் எண்ணெய் தடவி, இருட்டான இடத்தில் விட்டால் பலவும் முட்டையிட்டுவிடும். உள்ளேயே முட்டையை உடைக்கப் பார்க்காதீர்கள். அன்று மாலைக்குள் இடாவிட்டால் மருத்துவரிடம்தான். கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம் என்றால் அம்மை. கொசு பரப்பும் தொற்றுதான் என்றாலும், வாய்க்குள் புண் வராதவரை மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசிப் பார்த்துக்கொள்ளலாம். சில வாரங்களில் காய்ந்து உதிரும். எந்த நோயானாலும் தண்ணீரை அலகோரத்தில் சொட்டுச் சொட்டாக வையுங்கள். தொண்டையில் ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கி, நோய் கொல்லாததை நாமே கொன்றுவிடுவோம்.

வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல், கொட்டாவி விடுவதுபோல வாயைத் திறந்து மூச்சு, பிறகு கழுத்து முறுக்கிக்கொள்வது: இது ராணிக்கெட். தெலுங்கு வீடுகளில் கொக்கெர என்பார்கள், நாம் வெள்ளைக்கழிச்சல் என்போம். இதைக் குணப்படுத்த மருந்தே கிடையாது. கீழாநெல்லி, சீரகம் அரைத்துக் கொடுப்பதை நான் தடுக்க மாட்டேன். ஆனால் கழுத்து முறுகிய கோழியை வாரக்கணக்கில் ஊட்டி வளர்ப்பது நம் மனசுக்காகத்தான். அதுவரை அதன் எச்சத்திலிருந்து நோய் மற்றவற்றுக்குப் போய்க்கொண்டே இருக்கும். பேர் வைத்துக் கூப்பிட்ட பெட்டையானாலும், மருத்துவர் கையாலோ பழகிய கையாலோ நொடியில் முடித்துவிடுவதே இரக்கம்.

கொண்டை நீலம் பாய்ந்து, முகம் வீங்கி, ஒரே ராத்திரியில் பல கோழிகள் செத்துக் கிடந்தால் கதை வேறு. 2024 பிப்ரவரியில் நெல்லூர் மாவட்டத்தின் சாட்டகுட்லாவிலும் கும்மல்லதிப்பாவிலும் அப்படித்தான் கோழிகள் கொத்தாக விழுந்தன. போபால் ஆய்வகம் பறவைக் காய்ச்சல் என்று உறுதி செய்தது. 2022 ஏப்ரல் வரை நம் ஊரும் அதே மாவட்டம்தான். நோயைக் கொண்டுவருவதாகப் பழவேற்காட்டுப் பூநாரையையும் நேலப்பட்டுக் கூழைக்கடாவையும் மட்டும் குறைசொல்வது எளிது. கூடை கூடையாகக் கைமாறும் கோழியும் நோயைச் சுமக்கிறது. இந்தச் சந்தேகம் வந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், அறுக்காதீர்கள், கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். 1962 எண்ணில் கூப்பிட்டாலும் கேட்பார்கள். சொன்னால் சுற்றிலும் 1 கி.மீ.க்குள் உள்ள கோழியையெல்லாம் அழிப்பார்கள் என்ற பயத்தில் மறைப்பவர்கள் உண்டு. அப்படி அழிக்கும் கோழிக்கு அரசு இழப்பீடு தருகிறது. தானாகச் செத்ததற்குத் தருவதில்லை. மறைப்பவருக்கே நஷ்டம்.

இனி அறுக்கும் யோசனை. கால் ஒடிந்த கோழியை அறுத்துச் சாப்பிடுவதில் தப்பில்லை. நோய்க் கோழியில் ஆபத்து, கொதித்த குழம்பில் இருப்பதைவிட, அறுப்பதிலும் இறகு பறிப்பதிலும்தான் அதிகம். 2025 மார்ச்சில் நரசராவ்பேட்டையைச் சேர்ந்த இரண்டு வயதுக் குழந்தை பறவைக் காய்ச்சலால் மங்களகிரி எய்ம்ஸில் இறந்தது. பச்சைக் கறித் துண்டைத் தின்றதாகச் சொன்னார்கள். ஆன்டிபயாடிக் கொடுத்த கோழியின் முட்டையையும் கறியையும் மருத்துவர் சொல்லும் நாள்வரை தொடக்கூடாது. சந்தையில் தள்ளும் யோசனையைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது நோயை அடுத்த வீட்டுக்கு விற்பது.

மருத்துவர் என்றால் முதலில் உள்ளூர் ஆஸ்பத்திரி. அங்கே முடியாவிட்டால் நாயுடுபேட்டை, காளஹஸ்தி வழியாகத் திருப்பதி கால்நடை மருத்துவக் கல்லூரி. அல்லது மின்சார ரயிலேறிச் சென்னை வேப்பேரிக் கல்லூரி. முட்டை அடைப்பு, கட்டி, காயம் என்றால் எது வசதியோ அங்கே போகலாம். கழிச்சல் கோழியைக் கூடையில் வைத்து ரயிலேறாதீர்கள். பத்துக் கோழி வைத்திருப்பவருக்கு என் யோசனை இது: சாகக் கிடப்பதற்குச் செலவழிப்பதைவிட, செத்ததை அன்றே இரட்டைப் பையில் கட்டி, ஐஸ் வைத்து, மருத்துவரிடம் கேட்டுப் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். மிச்சமுள்ள ஒன்பதுக்கு அதுதான் வைத்தியம். பறவைக் காய்ச்சல் சந்தேகமென்றால் மட்டும் நீங்களே எடுத்துப்போக வேண்டாம், அவர்களே வந்து எடுப்பார்கள்.

பரிசோதனைக்கு அனுப்பாத செத்த கோழியைக் காளங்கி ஆற்றில் வீசாமல், நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். கூண்டைக் கழுவி, வெயிலில் காயவிட்டு, சில வாரம் காலியாக வையுங்கள். புதுக் குஞ்சுக்கு 7ஆம் நாள் கண்ணில் ஒரு சொட்டு ராணிக்கெட் தடுப்பு மருந்து, 8 வாரத்தில் அதே நோய்க்குத் தடுப்பூசி. மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில்தான் வாங்கி வர வேண்டும். சூடேறினால் போட்டும் பயனில்லை.