பொய்லரை மாற்றுவதற்கு முன்

அன்பின் ஈஸ்ற்ஹாம் வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை ஆறுதலாக வாசித்தேன். முன் ஹோல் றேடியேற்றர் இளஞ்சூட்டுக்கு மேல் போவதில்லை. மேல்மாடியிலோ போர்வையை உதறிவிட்டுப் படுக்க வேண்டியிருக்கிறது. பொய்லரின் அமுக்கம் கிழமைக்கு இரண்டு தரம் பூச்சியத்துக்கு இறங்கிவிடுகிறது. வந்து பார்த்தவர்களில் ஒருவர் பொய்லரை மாற்றச் சொல்லுகிறார். மற்றவர் குழாய்களை எல்லாம் இயந்திரம் பூட்டிக் கழுவ வேண்டும் என்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள். அவர்களில் எவராவது ஒரு றேடியேற்றரையேனும் கையால் தொட்டுப் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. ஆகவே இப்போதைக்கு இரண்டு பேருக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

உங்களுடையது விக்ரோறியா மகாராணியின் கடைசிக் காலத்துத் தொடர்வீடு. இடைவெளியே இல்லாத ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், பலகை நிலம், அதற்குக் கீழே காற்றோட்டம், அறைக்கு ஒரு கணப்படுப்பு. அதைக் கட்டியவர்கள் நிலக்கரியை நினைத்துத்தான் கட்டினார்கள். 1967க்கும் 1977க்கும் இடையில் நாடு முழுவதும் வட கடல் காஸுக்கு மாறிய பிறகுதான் சென்ற்றல் ஹீற்றிங் இப்படியான வீடுகளுக்குள் பரவியது. அன்றிருந்து வீட்டை வாங்கியவர் ஒவ்வொருவரும் தன் வசதிக்கு ஏதோ ஒன்றைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார். ஒருவர் கணப்படுப்புக்குப் பின்னால் ஒரு பொய்லரை ஒளித்துவைத்திருப்பார். இன்னொருவர் செம்பு மலிவாக முடியுமென்று 8 மில்லிமீற்றர் குழாய் போட்டிருப்பார். குசினியைப் பின்னுக்கு நீட்டியவர், கிட்ட இருந்த குழாயை வெட்டி இரண்டு றேடியேற்றரைக் கூடுதலாகக் கொழுவியிருப்பார். 2005 ஏப்ரலுக்குப் பிறகு வைத்த பொய்லர் என்றால், சட்டப்படி அது பெரும்பாலும் கண்டென்சிங் வகையாகத்தான் இருக்கும். புதுப் பொய்லர், நாற்பது ஐம்பது வருசத்துக் குழாய், நூற்றுச் சொச்ச வருசத்துச் சுவர். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சரிவந்த வைத்தியம் உங்கள் வீட்டுக்குச் சரிவராமல் போவது இதனால்தான்.

நீங்கள் எழுதியவை ஒன்றல்ல, இரண்டு பிழைகள்: அமுக்கம் இறங்குவது ஒன்று, ஹோல் சூடேறாதது மற்றது. முதலில் இரண்டையும் தனித்தனியே பார்ப்போம்.

காலையில் ஹீற்றிங் போட முன், பொய்லர் நன்றாக ஆறியிருக்கும்போது அதன் கீழேயுள்ள அமுக்கமானியைப் பாருங்கள். 1 பாருக்கும் 1.5 பாருக்கும் இடையில் நிற்க வேண்டும். பிறகு ஹீற்றிங்கைப் போட்டு, றேடியேற்றர்கள் சூடானதும் திரும்பப் பாருங்கள். சற்று ஏறினால் பயமில்லை. 3 பாரைத் தொடப் பார்க்கிறதென்றால் பிழை விரிவுக் கலத்தில். 100 லீற்றர் தண்ணீரைப் பச்சைத் தண்ணீர்ச் சூட்டிலிருந்து 70 பாகைக்குக் கொண்டுபோனால் அது ஏறக்குறைய 2 லீற்றர் கூடும். கூடுகிற தண்ணீர் ஒதுங்குவதற்காகத்தான் பொய்லருக்குள் ஒரு சிவப்புக் கலம் இருக்கிறது. நடுவில் றப்பர்ச் சவ்வு, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் அடைத்த காற்று. அந்தக் காற்று வருசக்கணக்கில் மெல்ல மெல்லக் கசிந்துவிடும். பிறகு ஒதுங்க இடமில்லாத தண்ணீர், 3 பாரில் திறக்கிற பாதுகாப்பு வால்வைத் தள்ளிக்கொண்டு, வெளிச்சுவரில் கீழ்நோக்கி வளைந்து நிற்கும் சின்னச் செம்புக் குழாயால் வெளியே போய்விடும். பொய்லர் ஆறியதும் உள்ளே தண்ணீர் குறைவு, முள் பூச்சியத்தில். அந்தக் குழாயின் வாயில் ஒரு பொலித்தீன் பையை இழுத்துக் கட்டிவிட்டு, மறுநாள் பாருங்கள். பைக்குள் தண்ணீர் இருந்தால் விசயம் பாதி முடிந்தது. கலத்துக்குக் காற்று அடிப்பது சின்ன வேலை. அடிக்கிற வால்விலிருந்து தண்ணீர் வந்தால் சவ்வு கிழிந்துவிட்டது, கலத்தை மாற்ற வேண்டும். எப்படியானாலும் பொய்லர் வாங்குகிற செலவில்லை. ஆனால் இரண்டுமே அதற்குரியவர் செய்ய வேண்டிய வேலை.

பை காய்ந்தே இருக்கிறது, சூட்டில் முள்ளும் பெரிதாக ஏறவில்லை என்றால் ஒழுக்கைத் தேட வேண்டும். பலகை நிலத்துக்குக் கீழே காற்று ஓடுகிறபடியால் சொட்டுகிற தண்ணீர் காய்ந்துகொண்டே இருக்கும், ஒரு ஈரத் தடம்கூடக் கண்ணில் படாது. இரவு பொய்லரை நிறுத்தி, ஆறவிட்டு, அதற்குக் கீழே ஹீற்றிங் குழாய்களிலுள்ள இரண்டு வால்வுகளையும் மூடிவிட்டுப் படுங்கள். விடியப் பார்க்கும்போது முள் இறங்கியிருந்தால் தண்ணீர் பொய்லருக்குள்ளேயே எங்கோ போகிறது. இறங்காமல் நின்று, வால்வுகளைத் திறந்ததும் விழுந்தால், ஒழுக்கு வீட்டுக் குழாயில். திறக்க மறந்து பொய்லரைப் போட்டுவிடாதீர்கள்.

அடுத்தது ஹோல். ஹீற்றிங் போட்டு ஒரு மணித்தியாலம் கழித்து அந்த றேடியேற்றரைக் கையால் தடவிப் பாருங்கள். மேலே குளிர், கீழே சூடு என்றால் காற்று. திறப்பால் திருகி விட்டால் போய்விடும். ஓரங்கள் சூடாகி, கீழ் நடுப்பகுதி மட்டும் குளிர்ந்து கிடந்தால் சேறு. முழுவதுமே குளிரென்றால் வால்வைப் பாருங்கள். இலக்கம் போட்ட தலையைக் கழற்றினால் நடுவில் ஒரு சின்ன ஊசி தெரியும். விரலால் அமத்தினால் உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். கோடை முழுக்க அசையாமல் கிடந்து இறுகிப்போன ஊசிகளை, பொய்லர் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கூப்பிட்ட எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். மெதுவாகத் தட்டி அசைத்தால் பெரும்பாலும் இளகிவிடும்.

உங்கள் வீட்டில் மேல்மாடி கொதிக்கிறதென்கிறீர்கள். அது பெரிய தடயம். தண்ணீர் சுலபமான வழியால்தான் போகும். மேல்மாடி றேடியேற்றர்களின் மற்றப் பக்கத்து வால்வுகளைச் சற்று மூடி அங்கே ஓட்டத்தைக் குறைத்தால், ஹோலுக்கு உரியது ஹோலுக்கு வந்து சேரும். ஒரு ஸ்பானரும் பொறுமையும் போதும். இதைச் செய்ய எவருக்கும் நேரமில்லை, பொய்லர் விற்க மட்டும் நேரமிருக்கிறது.

வால்வை அசைத்தும் சமப்படுத்தியும் ஹோல் சூடாகவில்லை என்றால்தான் சேற்றைச் சந்தேகிக்க வேண்டும். காற்று விடும்போது வருகிற தண்ணீரை ஒரு கண்ணாடிக் கிளாசில் பிடியுங்கள். மை போலக் கறுப்பென்றால் உள்ளே மக்னரைற், அதாவது இரும்பின் கறுப்புத் துரு. செம்மண் நிறமென்றால் புதிதாக ஒட்சிசன் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. இந்த இடத்தில்தான் இரண்டு பிழைகளும் சந்திக்கின்றன. கிழமைக்கு இரண்டு தரம் அமுக்கம் இறங்க, நீங்களும் இரண்டு தரம் புதுத் தண்ணீர் ஏற்றுகிறீர்கள். அதோடு வருகிற ஒட்சிசன் றேடியேற்றரின் இரும்பைத் தின்னுகிறது. தின்ற மிச்சம் மெல்லிய குழாய்களில் போய்ப் படிகிறது. அமுக்கம் இறங்குவதை நிறுத்தாமல் குழாயைக் கழுவினால் ஒன்றிரண்டு குளிர்காலத்தில் பழையபடி வந்து நிற்பீர்கள். புதுப் பொய்லரைப் பூட்டினால் அந்தச் சேறு அதன் வயிற்றுக்குள் போகும். ஒழுக்கையோ கலத்தையோ திருத்திய பிறகு கழுவுங்கள். பிறகு துருத் தடுப்பு மருந்தும் ஒரு காந்த பில்ரரும் போடச் சொல்லுங்கள்.

காந்தம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஹரோவில் 1930களில் கட்டிய ஒரு வீடு, கூரைக்குள் சின்னத் தண்ணீர்த் தாங்கி வைத்த பழைய முறை. அமுக்கமானியே கிடையாது. பம்ப் சுற்றுகிறது, பொய்லர் எரிகிறது, றேடியேற்றர்கள் சூடாகவில்லை. தாங்கியிலிருந்து இறங்குகிற குழாய் ஹீற்றிங் குழாயோடு சேருகிற முடிச்சில் காந்தத்தை வைத்தேன். செம்பில் காந்தம் ஒட்டாது. ஆனால் அந்த நாலு அங்குலத்தில் கவ்விப் பிடித்துக்கொண்டது. வெட்டிப் பார்த்தபோது துளை இருந்த இடத்தில் ஒரு கறுப்புக் கட்டி. பென்சில் முனைகூட உள்ளே போகவில்லை. அந்தத் துண்டை மாற்றியதோடு வேலை முடிந்தது.

தெர்மோஸ்ராற் எங்கே இருக்கிறதென்று நீங்கள் எழுதவில்லை. ரூற்றிங்கில் ஒரு வீட்டில் அது விறாந்தையில் இருந்தது. அதற்கு நேர் கீழே சாமிப்படத் தட்டு, தட்டில் விளக்கு. பின்னேரம் விளக்கேற்றியதும் தெர்மோஸ்ராற் முழு வீடும் 21 பாகைக்கு வந்துவிட்டதென்று நம்பி ஹீற்றிங்கை நிறுத்திவிடும். வீட்டுக்காரர் பகலில் சரியாக வேலை செய்கிறது, இரவில்தான் பிழை என்று சொல்லிக்கொண்டிருந்தார். உங்கள் ஹோலில் றேடியேற்றருக்கு முன்னால் சோபா இருந்தாலும், யன்னல் திரை அதன் மேல் விழுந்து மூடினாலும், அதையும் பாருங்கள்.

பொய்லர் 75, 80 பாகையில் ஓடுகிறதா? திரும்பி வருகிற தண்ணீர் 55 பாகைக்குக் கீழே இருந்தால்தான் கண்டென்சிங் பொய்லர் தன் பெயருக்கேற்ப வேலை செய்யும். ஹீற்றிங் சூட்டை 60க்குக் குறைத்துப் பாருங்கள். தை மாதக் குளிரில் போதவில்லை என்றால் கூட்டலாம். சுடுதண்ணீர்த் தாங்கி உள்ள வீடுகளில் மட்டும் கிருமிக்காகத் தாங்கியை 60 பாகையில் வைத்திருக்க வேண்டும். தெர்மோஸ்ராற்றை 30க்குத் திருப்பினால் கெதியாகச் சூடாகும் என்று உங்கள் மாமியார் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கெதியாக ஆகாது, நிறுத்த மறந்தால் பில்தான் ஏறும்.

வெளிச்சுவரின் அடியிலுள்ள காற்றுக் கற்களைக் குளிருக்குப் பயந்து துணியால் அடைக்க வேண்டாம். நிலத்தடி மரம் உக்கிவிடும். கடுங்குளிரில் பொய்லர் களகளவென்று சத்தம் போட்டு நின்றால், வெளியே போகிற வெள்ளைப் பிளாஸ்ரிக் குழாய் உறைந்திருக்கும். 2010 டிசம்பரில் நாடு முழுவதும் எண்ணற்ற பொய்லர்கள் அப்படித்தான் நின்றன. வெதுவெதுப்பான தண்ணீரை அந்தக் குழாயின் மேல் ஊற்றுங்கள், கொதிதண்ணீர் வேண்டாம்.

பொய்லரின் மூடியை மட்டும் நீங்கள் திறக்கக் கூடாது, உங்கள் மச்சானும் திறக்கக் கூடாது. 2009 ஏப்ரல் 1 முதல் காஸ் சேஃப் பதிவேட்டில் உள்ளவர்தான் சட்டப்படி காஸ் வேலை செய்யலாம். வருகிறவரிடம் அட்டையைக் கேளுங்கள். பின்பக்கத்தில் அவர் எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று இருக்கும். காபன் மொனொக்சைட் அலாம் ஒன்று வாங்கி வையுங்கள். அது அடித்தாலோ காஸ் மணத்தாலோ வெளியே வந்து 0800 111 999க்கு அடியுங்கள்.

பொய்லரை மாற்றவே கூடாதென்று நான் சொல்லவில்லை. வெப்பமாற்றி வெடித்திருந்தால், அல்லது உதிரிப்பாகம் கிடைப்பதே நின்றுவிட்டால், நானே மாற்றச் சொல்லுவேன். அதற்கு முதல் நாலு விசயம் எனக்கு எழுதுங்கள்: ஆறியபோது அமுக்கம் எவ்வளவு, சூட்டில் எவ்வளவு, பையில் தண்ணீர் இருந்ததா, கிளாசில் பிடித்த தண்ணீர் என்ன நிறம். றேடியேற்றருக்குப் போகிற குழாய் சின்னிவிரலிலும் மெல்லியதா என்பதையும் பார்த்து எழுதினால், இயந்திரம் பூட்டிக் கழுவுவது அந்தக் குழாய்க்கு எடுபடுமா என்று அடுத்த கடிதத்தில் சொல்லுவேன்.

அன்புடன்,
உங்கள் ஹீற்றிங்காரன்