டிகாஷனில் ஒரு கரண்டி எண்ணெய்

உடம்பைக் குறைக்கக் கிளம்பியவர்களின் காலைப் பட்டியலில் வெந்தயத் தண்ணீர், சீரகத் தண்ணீர், தேன் கலந்த வெந்நீர் எல்லாம் பழசாகிவிட்டன. இப்போதைய வரவு தேங்காய் எண்ணெய்க் காபி. பால் கிடையாது, சர்க்கரை கிடையாது. டிகாஷனில் வெந்நீர் ஊற்றி, ஒரு டேபிள்ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டு, மிக்ஸியில் ஒரு சுற்று. நுரை பொங்கி, பால் காபிக்குக் கிட்டத்தட்ட வரும் ஒரு நிறம் கிடைக்கும். மிக்ஸிக்குச் சோம்பல்பட்டு டம்ளரிலேயே எண்ணெயை விட்டால் அது சின்னச் சின்ன வட்டங்களாக மேலே மிதக்கும். முதல் வாய் முழுக்க எண்ணெய், அடியில் வெறும் கசப்பு. (கொதிக்கக் கொதிக்க மிக்ஸியில் ஊற்றி மூடியை இறுக்கிப் போடுபவர்கள் கவனம்: ஆவி மூடியைத் தூக்கியடிக்கும்.)

தேங்காய் எண்ணெய் என்றதும் இது ஏதோ நாகர்கோவில் பாட்டி வைத்தியம் என்று நினைத்துவிட வேண்டாம். திபெத்தில் யாக் வெண்ணெய் போட்ட தேநீரைக் குடித்துப் பார்த்த டேவ் ஆஸ்ப்ரே என்ற அமெரிக்கர், 2009இல் ‘புல்லட்புரூஃப் காபி’ என்று ஒரு செய்முறையை வெளியிட்டார். அதில் சேர்ந்தவை வெண்ணெயும் ‘எம்சிடி’ என்ற தனி எண்ணெயும். எம்சிடி விலை அதிகம், எல்லாக் கடையிலும் கிடைக்காது. அதற்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெயை ஊற்றிக்கொள்ளலாம் என்று யாரோ சொல்ல, அதுவே பரவிவிட்டது. குழப்பத்தில் பெரும்பங்கு இந்த ஆள்மாறாட்டத்தால் வந்தது.

“காபியில் கலந்துவிட்டால் கலோரிக் கணக்கில் வராது”

வரும். ஒரு டேபிள்ஸ்பூன் தேங்காய் எண்ணெய் சுமார் 13.5 கிராம், கொழுப்பு எதுவானாலும் கிராமுக்குச் சுமார் 9 கலோரி, ஆக ஏறத்தாழ 120. மரச்செக்கில் ஆட்டியதோ, விர்ஜினோ, ரீஃபைண்டோ, இந்த எண்ணில் வித்தியாசம் இல்லை. விலையில்தான் இருக்கிறது.

வெறும் கறுப்புக் காபியில் இரண்டு மூன்று கலோரிக்கு மேல் கிடையாது. டயட் ஆப்பில் பலரும் ‘கறுப்புக் காபி’ என்று மட்டும் பதிந்துவிட்டு நகர்வதால் எண்ணெய் கணக்கில் ஏறாமலே போய்விடுகிறது. கைவிட்ட ஃபில்டர் காபியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆவின் நீலப் பாக்கெட் பால் 100 மில்லி என்றால் சுமார் 60 கலோரி. இரண்டு டீஸ்பூன் சர்க்கரை இன்னொரு 35, 40. மொத்தம் நூறுக்குள் அடங்கிவிடும். போனஸாக மூன்று கிராம் புரதமும் கொஞ்சம் கால்சியமும். எதைத் தியாகம் செய்து எதைப் பிடித்திருக்கிறோம் என்று பாருங்கள்.

பாட்டிலைச் சாய்த்துக் கண்ணளவில் ஊற்றுபவர்களுக்கு இந்த 120ம் உறுதியில்லை. வீட்டில் ‘கரண்டி’ என்று சொல்வது டேபிள்ஸ்பூனாகவும் இருக்கலாம், அதில் இரண்டு மடங்காகவும் இருக்கலாம். வேறெதையும் குறைக்காமல் தினமும் ஒரு டேபிள்ஸ்பூன் சேர்த்தால் மாதத்துக்கு 3,600 கலோரி கூடுதல். காகிதக் கணக்கில் அது கிட்டத்தட்ட அரைக் கிலோ உடல் கொழுப்பு.

“தேங்காய் எண்ணெய் உடம்பில் தங்காது, நேரே எரிந்துவிடும்”

இதில் ஒரு உண்மை இருக்கிறது. அது வேறு எண்ணெயைப் பற்றிய உண்மை.

கொழுப்பு அமிலங்கள் கரிம அணுக்களைச் சங்கிலியாகக் கோத்தவை. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், நெய் இவற்றில் பெரும்பாலும் நீளமான சங்கிலிகள். அவை குடலில் உறிஞ்சப்பட்டு, நிணநீர் வழியாகச் சுற்றிப்போய் ரத்தத்தில் கலக்கும். மிஞ்சுவது கொழுப்புத் திசுவில் சேரும். 8, 10 கரிம அணுக்கள் கொண்ட காப்ரிலிக், காப்ரிக் அமிலங்கள் அப்படிச் சுற்றுவதில்லை. குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போய்ச் சீக்கிரம் எரிகின்றன. இந்த இரண்டையும் பிரித்தெடுத்துச் செய்வதுதான் எம்சிடி எண்ணெய். கொழுப்பைச் செரிக்க முடியாத நோயாளிகளுக்கு மருத்துவமனைகளில் இது பல பத்தாண்டுகளாகப் பயன்படுகிறது. வலிப்பு நோயுள்ள குழந்தைகளின் கீட்டோ உணவிலும் 1970களிலிருந்து இடம்பெறுகிறது.

எடைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் மரீ-பியர் செயின்ட்-ஆஞ்ஜ். 2008இல் வெளியான அவரது ஆய்வில், எடை குறைக்கும் உணவுத் திட்டத்திலிருந்த சிலருக்குத் தினம் 18 முதல் 24 கிராம் எம்சிடி எண்ணெயும், மற்றவர்களுக்கு அதே அளவு ஆலிவ் எண்ணெயும் கொடுத்தார்கள். 16 வார முடிவில் எம்சிடி குழுவுக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் கூடுதலாகக் குறைந்திருந்தது. முடித்தவர்கள் சுமார் முப்பது பேர்தான். பின்னாளில் 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது சராசரி வித்தியாசம் அரைக் கிலோவாகச் சுருங்கியது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த ஆய்வுகளில் ஓர் எண்ணெய்க்குப் பதில் இன்னோர் எண்ணெய் வைக்கப்பட்டது. இருக்கும் சாப்பாட்டுக்கு மேல் ஒரு கரண்டி ஊற்றிக் குடித்தவர்கள் இளைத்தார்கள் என்று அவை சொல்லவில்லை.

இனி நம் பாட்டிலுக்கு வருவோம். தேங்காய் எண்ணெயில் காப்ரிலிக்கும் காப்ரிக்கும் சேர்ந்து நூற்றுக்கு 13 முதல் 15 பங்குதான். பாதி அளவுக்கு நிற்பது 12 கரிம அணுக்கள் கொண்ட லாரிக் அமிலம். வேதியியல் பாடத்தில் இதையும் ‘நடுத்தரச் சங்கிலி’ வரிசையில் வைப்பார்கள், விளம்பரங்கள் தொங்கிக்கொள்ளும் கிளை அதுதான். ஆனால் குடலில் லாரிக் அமிலத்தின் பெரும்பகுதி நீளச் சங்கிலிகளோடு சேர்ந்து நிணநீர் வழியில்தான் போகிறது. அந்த ஆய்வில் கொடுத்த 18 கிராமைத் தேங்காய் எண்ணெயிலிருந்து எடுக்க வேண்டுமானால் ஒன்பது டேபிள்ஸ்பூனுக்கு மேல் குடித்தாக வேண்டும். ஆயிரம் கலோரியைத் தாண்டிவிடும். செயின்ட்-ஆஞ்ஜே, தன் ஆய்வுகளில் பயன்படுத்தியது தேங்காய் எண்ணெய் அல்ல என்று பத்திரிகைகளிடம் தெளிவுபடுத்தியிருக்கிறார். யார் கேட்டார்கள்?

“குடித்தால் மதியம்வரை பசிக்காது”

சிலருக்கு அப்படித்தான் இருக்கிறது. பொய் சொல்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். கொழுப்பு இரைப்பையில் சற்று நேரம் தங்கும். காஃபின் பசியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். ஆனால் எம்சிடி எண்ணெயையும் தேங்காய் எண்ணெயையும் தனித்தனியே கொடுத்து, அதற்குப் பிறகு எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று அளந்த 2017ஆம் ஆண்டு ஆய்வொன்றில், பசியைத் தணிக்கும் பெயர் எம்சிடிக்குத்தான் கிடைத்தது. தேங்காய் எண்ணெய்க்கு அது வாய்க்கவில்லை.

எண்ணெய்க் காபி குடித்துவிட்டு டிபனை விட்டவர்களுக்கு எடை குறையலாம். குறைத்தது விட்டுப்போன டிபன். எண்ணெய் இல்லாத கறுப்புக் காபியோடு நிறுத்தியிருந்தால் இன்னும் 120 கலோரி மிச்சம். டிபனையும் விடாமல் இதையும் குடிப்பவர்களுக்கோ, இட்லித் தட்டில் ஏறக்குறைய இரண்டு இட்லி கூடியதாக அர்த்தம்.

16 மணி நேரம் பட்டினி இருப்பவர்கள் சொல்லும் வாதம் இன்னொன்று: எண்ணெய் இன்சுலினை ஏற்றாது, அதனால் விரதம் முறியாது. இன்சுலினைப் பெரிதாக ஏற்றாது என்பது சரிதான். ஆனால் டம்ளரில் வந்த கொழுப்பை உடம்பு எரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், இடுப்பில் இருக்கும் கொழுப்பைத் தொட வேண்டிய தேவை அந்த அளவுக்குக் குறைகிறது. விரதம் எதற்காக இருந்தோமோ அதற்கு இது உதவவில்லை.

“கொலஸ்ட்ரால் துளியும் இல்லை, லேபிளிலேயே போட்டிருக்கிறது”

எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் பெயருக்குக்கூடத் தேறாது. அது பெருமையே இல்லை. பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பு. தேங்காய் எண்ணெயில் அது 80 சதவீதத்துக்கு மேல். ரத்தத்திலிருந்து கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல்லை எடுத்துச் சுத்தம் செய்யும் கல்லீரலின் வேகத்தை இந்த வகைக் கொழுப்பு மந்தமாக்குகிறது. உலக சுகாதார நிறுவனம், நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குமேல் நிறைவுற்ற கொழுப்பு வேண்டாம் என்கிறது. 1,500 கலோரி டயட்டில் இருப்பவருக்கு அது 16, 17 கிராம். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயிலேயே 11 கிராமுக்கு மேல் போய்விடுகிறது, பல் துலக்கிய அரை மணி நேரத்தில்.

2020இல் 16 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், சூரியகாந்தி போன்ற எண்ணெய்களைவிடத் தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லைச் சுமார் 10 மில்லிகிராம் கூட்டியது. நல்லது எனப்படும் எச்டிஎல்லும் 4 மில்லிகிராம் கூடியது. இதை வைத்துச் சரிக்குச் சரி என்கிறார்கள்; எச்டிஎல்லை மருந்தால் கூட்டிப் பார்த்த பெரிய சோதனைகளில் பெரும்பாலானவற்றில் மாரடைப்பு குறையவில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். மறுபக்கமும் சொல்ல வேண்டும். 2018இல் கேம்பிரிட்ஜ் ஆய்வொன்றில் நான்கு வாரம் தினம் 50 கிராம் சாப்பிட்டவர்களிடம் வெண்ணெய் எல்டிஎல்லை ஏற்றியது, தேங்காய் எண்ணெய் அந்த அளவுக்கு ஏற்றவில்லை. அதே ஆண்டு ஜெர்மனியில் ஒரு பேராசிரியை இதை ‘சுத்த விஷம்’ என்று பேசியதெல்லாம் அளவு மீறிய வார்த்தை. விஷமில்லை; சலுகை தரும் அளவுக்கு விசேஷமுமில்லை.

“காலங்காலமாகச் சாப்பிட்டவர்கள் நன்றாகத்தானே இருந்தார்கள்?”

பசிபிக் தீவான டோக்கெலாவில் கலோரியில் பாதிக்கு மேல் தென்னையிலிருந்தே வந்தது, இதய நோய் அரிது. 1981இல் வெளியான இந்த ஆய்வைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். அவர்கள் சாப்பிட்டது தேங்காயும் மீனும். தேங்காயை அவ்வளவு சாப்பிடாத புகாபுகா தீவினரைவிட டோக்கெலாக்காரர்களுக்குக் கொலஸ்ட்ரால் அதிகம் என்பதும் அதே கட்டுரையில் உண்டு. கன்னியாகுமரிப் பக்கம் அவியலை இறக்கும்போது மேலே விடும் பச்சைத் தேங்காய் எண்ணெய், பாத்திரத்துக்கே ஒரு கரண்டி. குடும்பம் முழுக்கப் பங்கு போட்டுக்கொள்ளும். வெறும் வயிற்றில் ஒருவர் தனியாகக் குடித்ததாக எந்த அடுக்களையிலும் வழக்கமில்லை.

வாசனை பிடித்துத்தான் குடிக்கிறேன் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஒரு டீஸ்பூன் விட்டுக்கொள்ளுங்கள், 40 கலோரி; மதியப் பொரியல் தாளிப்பில் அதே ஒரு டீஸ்பூனைக் குறைத்துவிடுங்கள். கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை எடுப்பவர்களும் பித்தப்பையில் கல் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். சின்ன பாட்டில் தேங்காய் எண்ணெய் சமையலுக்கா, தலைக்கா என்ற வரி வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், தலைக்கானது என்று குறிப்பிட்டு விற்காத சுத்த எண்ணெய் சமையல் எண்ணெய்தான் என்று 2024 டிசம்பரில் தீர்ப்பானது. ‘ஹேர் ஆயில்’ என்று அச்சிட்டிருந்தால் அதில் வாசனைப் பொருளோ மினரல் ஆயிலோ இருக்கலாம். குடிப்பதற்கானால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் பாட்டிலில் இருக்க வேண்டும்.